ஒரு பிரஷருக்கு எத்தனை மருந்து

கடந்த ஆண்டு பெப்ரவரி ஒன்பதாம் திகதி காலை ஆறு நாற்பதுக்கு, துணுக்காயில் எங்கள் வீட்டுப் படலையின் இடப்பக்கத் தூணில் வயலுக்கு வெளிக்கிட்ட அப்பாவின் உழவு இயந்திரம் மோதியது. அந்தத் தூணை நாட்டியவர் அவரே. இறங்கி வந்து தூணைத்தான் பார்த்தார்.

"உது கிட்ட வந்திட்டுதோ?"

"ஓம், உங்களைக் கும்பிட வந்தது" என்றார் அம்மா, குசினி வாசலில் நின்றபடி.

பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான் சிரிக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் வவுனியாவில் கண் மருத்துவர் சொன்னதைக் கேட்டவள் நான்: கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிறது, பார்வை ஓரத்திலிருந்து குறையும், போனது மீளாது, காலையும் மாலையும் துளிமருந்து விட்டால் எஞ்சியதைக் காக்கலாம். அலுமாரியைத் திறந்தேன். மூன்று போத்தல்களில் இரண்டு திறக்கப்படவேயில்லை.

"அப்பா, மருந்து விடுறேல்லையோ?"

"பிரஷருக்குத்தானே, பிள்ளை? அதுக்கு நாலு வருசமாக் குளிசை போடுறன். ஒரு பிரஷருக்கு எத்தினை மருந்து?"

அந்தச் சொல் என்னுடையது. மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கியபோது, 'அழுத்தம்' என்பது பாடப்புத்தகச் சொல்லாக ஒலிக்குமென்று கருதி, "கண்ணில பிரஷர், அப்பா" என்று நானே சொல்லியிருந்தேன். இலக்கியம் படிப்பவள்.

அன்று பகல் முழுவதும் அதைத் திருத்த முயன்றேன். இரத்தத்தின் அழுத்தம் வேறு, கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம் வேறு என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, விட்டா வடிவாத் தெரியுமோ?"

"இல்லை அப்பா. இருக்கிற பார்வை குறையாமல் இருக்கும்."

"குளிசை போடாட்டி எனக்குத் தலை சுத்தும். இதை விட்டாத்தான் கண் எரியுது, விடாட்டி ஒண்டுமில்லை. இப்ப எது மருந்து, எது வருத்தம்?"

தூணைக் காட்டினேன். காலை வெயில் முகத்தில் அடித்தது என்றார். எங்கள் படலை மேற்கே பார்த்தது. அவருடைய இடப்பக்கம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. போவது அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கோ பிறர் கண்ணைத் தொடப் பயம்.

மறுநாள் காலை, பேருந்துக்குப் புறப்படுமுன், அவரைக் கதிரையில் சாய்த்து இரு கண்களிலும் மருந்து விட்டேன். எனக்காக இமைக்காமல் இருந்தார். மறக்கமாட்டார் என்று போத்தலை அவருடைய குளிசைப் பெட்டியின் அருகில் வைத்தேன். படலைவரை போனவள், இரண்டும் ஒரே பிரஷருக்கென்று ஆகிவிடுமே என்று திரும்பி வந்து, அதை அங்கிருந்து எடுத்து, அவர் முகம் வழிக்கும் கண்ணாடியின் முன் வைத்தேன்.