அழத் தெரிந்த நடிகை

அந்த இத்தாலிய நடிகையை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. டென்மார்க்கில் ஒடென்சே நகரத்தில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த டேனிஷ் பெண்மணிக்கு அவள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி தந்து, அவளுடைய படங்களை வீடியோவில் போடுவார். துறைமுக ஊர் ஒன்றில் தையற்காரியின் மகளாகப் பிறந்தவளாம். ஒருவேளைச் சாப்பாட்டுக்காகக் கூட்டக் காட்சிகளில் நின்றவளாம். இளமையில் அழகுக்குப் பேர் எடுத்து, வயது ஏறியபின் தாய் வேடங்களில் ஊர் உலகத்தையே அழவைத்தாளாம். எந்தப் படத்தைப் போட்டாலும் பிள்ளையைத் தேடித் தலைமயிரை விரித்துக்கொண்டு தெருவில் கத்தி அழுவாள். மேல்வீட்டுப் பெண்மணியும் கூடவே மூக்கைச் சிந்துவார். எனக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

என் மகள் அப்போது யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் இருந்தாள். மூன்று வயதில் அவளை விட்டுவிட்டு நானும் கணவரும் அகதிகளாக இங்கே வந்திருந்தோம். அவளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்தைக் கோப்பன்ஹேகனில் அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் பலருடையதும் அப்படித்தான் கிடந்தது. பின்னாளில் அது தமிழர் வழக்கு என்று பெயர் எடுத்து ஓர் அரசாங்கத்தையே விழுத்தியது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் குண்டு விழுகிறது, இங்கே பதில் இல்லை என்பதுதான்.

ஒருநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து மகளைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், அழவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக ஆட்களுக்கு முன்னால் குரல் வைத்து அழுவது செத்தவீட்டு அழுகை. அது பிள்ளைக்குக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஒளிபரப்பில் என்னைக் காட்டவேயில்லை. கொஞ்சம் அழுதிருந்தால் சனம் நம்பியிருக்கும் என்றார் மேல்வீட்டுப் பெண்மணி. கோபத்தில் அவர் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் நடிகையின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சியாகக் காட்டினார்கள். அவளுடைய சொந்த மகனைப் பற்றிக் கேட்டார்கள். அவனை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் படப்பிடிப்புக்குப் போன அன்று கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை என்றாள். காசு வாங்கி நடித்தபோது மட்டும்தான் அழ முடிந்தது என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. அடுத்த ஞாயிறு நானாகவே மேல்வீட்டுக்குப் போனேன்.

வழக்கு வெளியே வந்தபின் ஒருவழியாக மகளுக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்தில் கணவர் அவளைக் கட்டிப்பிடித்து விம்மினார். மேல்வீட்டுப் பெண்மணி அவர்கள் வழக்கப்படி வரவேற்கச் சிறிய டேனிஷ் கொடியைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். இனி அழலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. அவளுடைய பையை வாங்கினேன், குளிர்ச் சட்டையைப் போட்டுவிட்டேன், பொத்தான்களைப் பூட்டினேன்.

ரயிலில் அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, நான் வந்தது உங்களுக்கு விருப்பமில்லையோ?”

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நோகுது என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டேன்.