தொடாத வாத்தியமும் இட்லி வஹினியும்

லிஃப்டில் ஏறினால் எங்கள் அடுக்ககத்து மனிதர்கள் என்னைப் பார்த்து 'இட்லி வஹினி' என்று சிரிப்பார்கள். வஹினி என்றால் அண்ணி. புனேயில் இத்தனை வருடம் இருந்து நான் சம்பாதித்த பட்டம் அது. கணபதி விழாவுக்குக் கீழே பந்தல் போட்டதும் பாட்டு ஒருத்திக்கு, நாடகம் ஒருத்திக்கு, கோலப்போட்டி ஒருத்திக்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். என்னைக் கண்டதும் அத்தனை பேருக்கும் பசி வந்துவிடும். ஊரிலிருக்கும் உங்களுக்கு இது பெருமையாகத் தோன்றலாம். ஹடப்சர் அலுவலகத்தில் பகல் முழுக்க மென்பொருளோடு மாரடித்துவிட்டு வந்து, ஒரு கட்டடத்துக்கே மாவாட்டிப் பாருங்கள், பெருமை எங்கே வலிக்கிறதென்று தெரியும். இத்தனைக்கும் கோயம்புத்தூரில் என் அம்மா என் இட்லியைக் கல் என்றுதான் சொல்வார். அது இங்கே யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் மேடையில் ஏறியே தீருவது, ஒரு சாயங்காலமாவது சட்டினியோடு சேர்த்துப் பார்க்கப்படாத மனுஷியாக நிற்பது என்று முடிவு செய்தேன். ஏற வேண்டுமானால் ஏதாவது தெரிய வேண்டுமே. சின்ன வயதில் வீணை வகுப்புக்குப் போனேன். நான் தொட்ட தந்தியெல்லாம் அறுந்ததில் டீச்சர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். அதனால்தான் தெரமின் என்னை இழுத்தது. தொடவே வேண்டாத வாத்தியம். ஒரு பெட்டி, வலப்பக்கம் நிமிர்ந்த கம்பி, இடப்பக்கம் வளைந்த கம்பி, அவ்வளவுதான். வலக்கையை நிமிர்ந்த கம்பியருகே கொண்டுபோனால் சுரம் ஏறும். இடக்கையை வளையத்துக்கு மேல் தாழ்த்தினால் சத்தம் அடங்கும். அறுப்பதற்கு ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் ஆன்லைனில் வாங்கிவிட்டேன்.

அறுந்தது என் மானம்தான். 'ஸ' என்று ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தோள் அசைந்தால் சுரம் நகரும். தலையாட்டாமல் பாட்டுக் கேட்கத் தெரியாத கூட்டத்தில் பிறந்தவள் நான். ஆட்டினால் சுரம் ஓடிவிடுகிறது. ஓடியதையெல்லாம் கமகம் என்று சொல்லிச் சமாளித்தேன். என் வீட்டுக்காரர், "ஏனம்மிணி, நாய மிதிச்சுப்போட்டியா?" என்று கேட்டுவிட்டு, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சுரத்துக்கு அசைவு கொடுப்பதற்காக வலக்கையை நடுக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். பெட்டி ஊளையிட்டது. கண்ணைத் திறந்தால், கம்பிக்கதவுக்கு வெளியே எதிர்வீட்டு ஜோஷி காக்கு. காக்கு என்றால் சித்தி. விழாக்குழுத் தலைவி அவர்தான். இட்லி விஷயமாக வந்தவர் கைகூப்பி நிற்கிறார்.

"அங்காத் யேத்த கா?" என்றார் மெல்ல.

அங்கம் என்றால் உடம்புதானே. உடம்புக்குப் பழகி வருகிறதா என்று விசாரிக்கிறார் என நினைத்தேன். "ஹோ, தோட தோட யேத்த" என்றேன் அடக்கமாக. ஆமாம், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

"மாஜ்யா லேகாலா மிளேல் கா?"

என் மகனுக்குக் கிடைக்குமா என்கிறார். பாவம், பையனும் தெரமினுக்கு ஆசைப்படுகிறான் போல. "மிளேல், மிளேல். ஆன்லைன் மிளேல்" என்றேன். கிடைக்கும், ஆன்லைனில் கிடைக்கும்.

காக்கு வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே அவர் மகனுக்கு அமெரிக்க விசா வந்துவிட்டது. அந்தச் செய்தியும் ஆன்லைனில்தான் வந்ததாம்.

அதன்பிறகு லிஃப்டில் எனக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். தேங்காயும் ரவிக்கைத் துணியும் வீடு தேடி வந்தன. இங்கேயே பிறந்த என் மகள் விசாரித்துவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, அங்காத் யேத்தன்னா பிராக்டிஸ் இல்ல. பாடிக்குள்ள தேவி வர்றது. நீ இப்போ பில்டிங்கோட தேவி, களல கா? புரிஞ்சுதா?"

தேவியை மாவாட்டச் சொல்ல முடியுமா? இட்லிப் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தார்கள். ஆரத்தி முடிந்ததும் மேடை எனக்கே என்றார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது, ஆனால் எனக்கில்லை, எவளோ ஒரு தேவிக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் மரியாதை. மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். மேல்மாடிப் பெண் ஒருத்தி வந்து, தனக்குக் குழந்தை பிறக்குமா என்று அழுதுகொண்டே கேட்டாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

விழாவன்று ஒரு தாலாட்டு மெட்டை முக்கால்வாசி சுருதியோடு வாசித்து முடித்தேன். முன்வரிசை முழுக்கக் கூப்பிய கைகள். மைக்கைப் பிடித்து, "ஹே மெஷீன் ஆஹே" என்றேன். இது மெஷின். யாரும் நம்பவில்லை. ஜோஷி காக்குவையே மேலே கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். அவர் கைக்கும் பெட்டி ஊளையிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

காக்கு சிரிக்கவில்லை. "மக விசா?" என்றார் சந்தேகமாக. அப்படியானால் விசா?

"அது உங்கள் பையன் வாங்கியது காக்கு" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "தும்ச்யாகட்ச வாத்ய கா?" உங்கள் பக்கத்து வாத்தியமா? ருஷ்யாவில் பிறந்தது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவரே மைக்கை வாங்கி, இது மதராசிகளின் பழைய கோயில் வாத்தியம் என்று அறிவித்துவிட்டார். பலத்த கைதட்டல்.

மேடையோரம் நின்ற மகள் அலைபேசியை என் முன்னால் நீட்டினாள். கோயம்புத்தூரிலிருந்து அம்மா திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. அது மராட்டிக்காரங்க வாத்தியமா? அங்க போயி முழுசா அவிங்களாட்டவே ஆயிப்போட்டே."

பெட்டியை அணைக்க மறந்திருந்தேன். அம்மாவுக்குப் பதில் சொல்லத் திரைப்பக்கம் குனிந்தேன், சுரம் ஏறியது. காக்குவைத் திருத்தலாமென்று அந்தப் பக்கம் திரும்பினேன், இறங்கியது. இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருக்க, நான் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டியிலிருந்து ஒரு சுரம் கிளம்பியது. ஸ இல்லை, ரியும் இல்லை. ஆனால் ஆடாமல் நின்றது.