எர்ராட்டாவில் நான் எழுதிய ஒரு வரி

1. முதல் நாள்

பெங்களூரில் சிப் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் என்னை உட்கார வைத்து ஒரு விதி சொன்னார். அவர் வேலூர்க்காரர். இங்கிலீஷ் மீட்டிங் முடிந்த கையோடு ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவார்.

"இதோ பாரும்மா, நம்ம சிப்புல தப்புன்னு ஒண்ணு கெடயாது. எர்ராட்டாதான் உண்டு. வெளிய போற காகிதத்துல 'பக்', கோளாறுன்னு எழுதிடாத."

எர்ராட்டா என்பது சிப் கம்பெனியே வெளியிடும் குறைப்பட்டியல். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் படிக்கலாம். விற்றுப்போன சிப்பைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாது. அதனால் குறை என்ன, அதனால் என்ன ஆகும், எப்படிச் சமாளிப்பது, அடுத்த பதிப்பில் சரிசெய்வோமா என்று நாலு வரி எழுதிப் போட்டுவிடுவோம். குறையே இல்லாத பிராசசர் உலகத்தில் கிடையாது. நூறு குறையை வெளிப்படையாக எழுதுகிற கம்பெனியை நம்பலாம். மூன்றே மூன்று எழுதுகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அந்த நாலு வரியை எழுதுவதுதான் இருபத்தாறு வருடம் என் பிழைப்பு. பொய் எழுதியதில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் டிசைன், விற்பனை, சட்டம் என்று மூன்று பிரிவும் மீன் கடை மாதிரி பேரம் பேசும். 'ஆகும்' என்று போனது 'ஆகலாம்' என்று திரும்பி வரும்.

2. நறுக்கென்று ஒரு வாக்கியம்

சின்னக் கருவிகளுக்கான பிராசசர் ஒன்று. வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளந்து சொல்லும். அதில் ஒரு குறை அகப்பட்டது. கரண்ட் பட்டென்று போனால் தொல்லையில்லை. மின்னழுத்தம் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறினால், அளக்கும் பகுதி மட்டும் உறைந்துவிடும். கடைசியாக அளந்த எண்ணையே புதிது போலச் சொல்லிக்கொண்டிருக்கும். லேபில் இதைப் பார்க்க, பவர் சப்ளையின் குமிழை நாற்பது தடவை கையால் திருக வேண்டியிருந்தது.

டிசைன் பிரிவு அனுப்பிய வரைவில் 'ரீசெட் செய்யும் வரை பழைய அளவே வரும்' என்று இருந்தது. வாடிக்கையாளர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று விற்பனைப் பிரிவு ஒற்றைக் காலில் நின்றது. நான் நடுவில் புகுந்து எழுதினேன்: 'மின்னழுத்தம் மெதுவாக இறங்கி ஏறும் அரிதான சூழலில், சில அளவுகள் பழையதாக இருக்கலாம்.'

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். "நறுக்குன்னு கீதும்மா" என்றார் மேலாளர். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

3. மல்லிகாவின் மெமோ

மல்லிகா என் தம்பி மனைவி. மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி அவள் பொறுப்பு. காலையும் மாலையும் பெட்டிக்குள் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அதுபோக, தானாகவே வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றும் பெட்டியில் மாட்டியிருந்தார்கள்.

நான் லீவில் மலையடிவாரத்திலுள்ள எங்கள் ஊர், சந்தவாசல் வீட்டுக்கு வந்திருந்தபோது போன் செய்தாள். "அண்ணி, எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. நோட்டுல பொய் எழுதுனேனாம்."

மறுநாள் காலை பஸ் பிடித்து மலைக்குப் போனேன். மேஜைமேல் ஒரு ஃபைல். ஒரு நாள் ஆறு மணி நேரம் பெட்டி பதினாலு புள்ளி மூன்று டிகிரியில் இருந்ததாகக் கருவி சொல்கிறது. மல்லிகாவின் நோட்டிலோ அன்று மாலை ஐந்து டிகிரி. எந்திரம் பொய் சொல்லாது என்று முடிவு கட்டி, இருந்த மருந்தையெல்லாம் கொட்டச் சொல்லிவிட்டார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சஸ்பெண்ட்.

"அன்னிக்கி மத்தியானம் மருந்து எடுக்க மூடியத் தொறந்தேன். ஒரு நிமிசம் இருக்கும். ஒடனே மூடிட்டேன். சாயந்தரம் பாத்தா அஞ்சு. அதத்தான எழுதுனேன்?"

எனக்கு உறுத்தியது வேறு. ஆறு மணி நேரம் ஒரு புள்ளிகூட ஏறாமல் இறங்காமல் எந்தப் பெட்டியும் நிற்காது. கருவியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எங்கள் சிப்.

"இங்க வோல்டேஜ் எப்டி இருக்கும் மல்லிகா?"

"டெய்லி நாலஞ்சு வாட்டி எறங்கும், ஏறும். மோட்டாரு போட்டா பல்பு மங்கிடும். அதுக்கு இன்னா இப்ப?"

பெட்டிக்கு ஸ்டெபிலைசர் இருந்தது. கருவியை நேராகச் சுவரில் செருகியிருந்தார்கள். மூடி திறந்திருந்த அந்த ஒரு நிமிடத்தில் பதினாலைப் பார்த்த சிப், மின்னழுத்தம் இறங்கி ஏறியதும் அங்கேயே உறைந்துவிட்டது. இரவு கரண்ட் முழுதாகப் போய் வந்தபோதுதான் ரீசெட் ஆகி விடுபட்டிருக்கிறது.

ஃபைலைப் புரட்டினேன். கடைசித் தாள், கருவியில் கோளாறு இருக்குமா என்று கேட்டதற்கு அதைச் செய்த கம்பெனி தந்த விளக்கம்: 'சிப் தயாரிப்பாளரின் ஆவணப்படி, பழைய அளவையே காட்டும் குறை அரிதானது; சில அளவுகளை மட்டுமே பாதிக்கும். ஆறு மணி நேரத்துக்கு இது காரணமாகாது.' கீழே ஆதாரமாக என் வாக்கியம். மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள்.

"இத எழுதுனது நான்தான் மல்லிகா" என்றேன்.

அவள் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினாள். "அப்ப மாத்தி எழுதுங்க அண்ணி" என்றாள்.

4. தெளிவாக்கப்பட்டது

மூன்று நாள், அரை மணிக்கொரு தடவை ஸ்டெபிலைசரில் தெரியும் மின்னழுத்தத்தைக் குறித்து அனுப்பும்படி மல்லிகாவிடம் சொன்னேன். பொய்க்காரி என்று பெயர் வாங்கிய அதே கையெழுத்தில் வரி தப்பாமல் எழுதி அனுப்பினாள். பெங்களூர் திரும்பி, அந்தக் கணக்கை லேபில் பவர் சப்ளைக்கு ஏற்றி ஓடவிட்டேன். மூன்றாவது இறக்கத்தில் சிப் உறைந்தது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் உறைந்தது. நாங்கள் சுத்தமான மின்சாரத்தில் உட்கார்ந்துகொண்டு, மலையில் தினமும் நடப்பதற்கு அரிது என்று பேர் வைத்திருக்கிறோம்.

மேலாளர் கதவைச் சாத்தினார். "வித்த அத்தினி பீஸுக்கும் பதில் சொல்லணும்மா. அதுவும் உன் தம்பி பொண்டாட்டி கேஸுன்னு தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"யார் பொண்டாட்டியா இருந்தா இன்னா சார். சிப்பு ஒறையுதா இல்லயா?"

எர்ராட்டாவின் புதிய பதிப்பு வெளியானது. 'அரிதான' போய், 'ரீசெட் செய்யும் வரை' வந்தது. வாங்கியவர்களுக்கெல்லாம் மெயில் போனது. ஆனால் திருத்தப் பட்டியலில் எங்கள் வழக்கப்படி 'விளக்கம் தெளிவாக்கப்பட்டது' என்று போட்டுவிட்டார்கள். மல்லிகாவை விசாரித்த அதிகாரி அதையே பிடித்துக்கொண்டாராம்: "தெளிவாக்குனாங்கன்னுதான் இருக்கு. முன்ன எழுதுனது தப்புன்னு எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. அந்த அதிகாரிக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன்: முன்பு எழுதியது தவறு, எழுதியது நான். அனுமதியில்லாமல் அனுப்பினால் வேலை போகும். மேலாளரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அனுப்பாவிட்டால் நானே அனுப்புவேன் என்றேன். மூன்றாம் நாள் அவர் கம்பெனி தாளில், 'தவறு' என்பதை 'போதாதது' என்று மாற்றி, தானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்று போனது.

மெமோ ரத்தானது.

குறைப்பட்டியல் எழுத வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். அதை இன்ஜினியர் மட்டும் படிக்கமாட்டார். விசாரணையில் கைகட்டி நிற்கிற ஒருவரின் ஃபைலிலும் அது இருக்கும். அந்த ஆளை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

5. கோவிந்தம்மா வீடு

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மல்லிகாவுக்கு முடியவில்லை. கெட்டுப்போன மருந்தைக் குழந்தைகளுக்குக் குத்திவிட்டதாக மலையில் பேச்சு பரவி, தாய்மார்கள் ஊசி போட வருவதை நிறுத்தியிருந்தார்கள். "ஆபீஸ் காகிதத்த அவங்க படிக்கவா போறாங்க? நீங்களே வந்து சொல்லுங்க அண்ணி" என்றாள்.

முதல் வீடு கோவிந்தம்மாவுடையது. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. மருந்து கெடவில்லை, அளக்கிற கருவிதான் தப்பாகக் காட்டியது, அதற்குள் இருந்தது எங்கள் சிப் என்று சொன்னேன். முகத்துக்கு நேராக ஒரு குறையைச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கேட்டுவிட்டு அவள், "அது கோளாறு பண்ணும்னு ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன். கம்மியா சொல்லிட்டேன். என் தப்புதான்."

அவள் என்னை விட்டுவிட்டு மல்லிகாவின் பக்கம் திரும்பினாள்.

"இவனுக்கு தட்டம்ம ஊசி என்னிக்கிம்மா போடணும்?"

"புதங்கெழம வா" என்றாள் மல்லிகா. நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.