கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிணறு

நான் தைத்துக் கொடுத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வார்டு மெம்பர் அன்றைக்குப் பஞ்சாயத்துக் கமிட்டியில் எனக்கு எதிராக எழுந்து நின்றாள். கழுத்துக்குப் பைப்பிங் வைத்த பச்சை பிளவுஸ். கை இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பிக் கொண்டுவந்தாள், இரண்டு தடவையும் முகம் சுளிக்காமல் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். அதையெல்லாம் நினைத்து அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அவளைப் பார்த்தால் என் கையால் ஏதாவது செய்து கொடுக்கத் தோன்றுகிறது. இடையில் நடந்தது ஒரு கிணற்று விவகாரம்.

பாறசாலையைத் தாண்டி, கேரளம் முடிகிற இடத்தில் எங்கள் ஏழு சென்ட் மனை இருக்கிறது. முன்வாசலில் இறங்கினால் கேரளத்துப் பஞ்சாயத்து ரோடு. பின்பக்கத்து வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. வரப்பின் நடுவில் ஒரு எல்லைக்கல் உண்டு, அதன் மேல் நான் மிதியடி காயப்போடுவேன். நான்கு வீடு தள்ளி, அதே வரப்போரமாக ஒரு வாடகை வீட்டில் இருபது வருஷம் இருந்து, தையல் மிஷினை மிதித்து மிதித்து, அந்த மனையில் ஒரு வீடு எழுப்பினோம். வாடகை வீட்டுக்காரரின் மகன் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு துபாயிலிருந்து வந்து இங்கேயே தங்கப்போகிறான். அவர் நல்ல மனிதர், ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டார். அதற்குள் நாங்கள் புது வீட்டுக்குப் போய்விட வேண்டும். போக வேண்டுமானால் பஞ்சாயத்து வீட்டு நம்பர் தர வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் நிரந்தர கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. சுவரும் கூரையும் தயார், அந்த நம்பர் ஒன்றுதான் பாக்கி.

எங்கள் மனையிலும் கிணறு இல்லை, வாடகை வீட்டிலும் இல்லை. மனையில் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தோம், இரண்டிலும் பாறை. குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றும்போது வரும். அதனால் இருபது வருஷமாக நாங்கள் குடிப்பது வரப்புக்கு அந்தப் பக்கத்து அக்காவின் கிணற்றுத் தண்ணீர். அக்கா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவருக்கு ரேஷனும் ஓட்டும் தமிழ்நாட்டில், எனக்கு இரண்டும் கேரளத்தில். தேர்தல் வந்தால் அவர் வீட்டு முன்னால் ஒரு ஜீப்பும் என் வீட்டு முன்னால் ஒரு ஜீப்பும் போட்டி போட்டுக் கத்தும், நாங்கள் இரண்டு பேரும் நடுவில் நின்று தேங்காய் துருவுவோம். வீடு கட்டியபோது கான்கிரீட்டை நனைக்கக்கூட அவர் மோட்டாரிலிருந்து எல்லைக்கல்லுக்கு மேலாக ஹோஸ் இழுத்துத்தான் தண்ணீர் விட்டோம்.

இனி நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருவர்தான் பிளான் வரைந்தார். மனையைச் சுற்றி மூன்று பக்கமும் ரோடு, பக்கத்து வீடு, ரப்பர் தோட்டம் எல்லாம் அழகாக வரைந்தார். பின்பக்கம் ஒரு கோடு போட்டு, ‘தமிழ்நாடு’ என்று எழுதி, அதற்கு அப்புறம் வெள்ளையாக விட்டுவிட்டார். எங்கள் ஊரில் எல்லா பிளானும் அப்படித்தான். அந்தப் பக்கத்துத் தென்னையும் தொழுவமும் நம் பேப்பரில் வராது, நம்முடையது அவர்கள் பேப்பரில் வராது. பக்கத்தில் குடிநீர்க் கிணறு உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அக்காவின் கிணற்றுத் தண்ணீரில் போட்ட, பால் விடாத கட்டன்சாயாவை அவருக்கும் கொடுத்து, நானும் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பேப்பரைப் பார்த்து பஞ்சாயத்தும் பெர்மிட் தந்தது. முன்பக்கம் தையல் ஷெட்டுக்கு வேண்டும் என்று கக்கூஸ் குழியைப் பின்மூலையில் தோண்டச் சொன்னேன். கொத்தனார் அங்கேயே உறை இறக்கி மூடினார்.

வேலை முடிந்து நம்பருக்கு எழுதிக்கொடுத்ததும் பஞ்சாயத்து ஓவர்சியர் பார்க்க வந்தார். சாயா வேண்டாம் என்றார், எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. முன்பக்கம் அளந்து, பக்கவாட்டில் அளந்து, பின்னால் போனவர் அக்கா கிணற்றின் கப்பியைப் பார்த்து நின்றுவிட்டார். டேப்பின் ஒரு நுனியை என் குழிமேல் வைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு நுனியோடு வரப்பைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனார். ஐந்து மீட்டரும் கொஞ்சமும் இருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் ஏழரை மீட்டர் வேண்டுமாம். அது வேறு மாநிலம் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். ஏழரை என்று கேட்டபோதே இது சனி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த மனிதரைத் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்த் திட்டினேன்.

பிறகு மெம்பரைப் பிடித்தேன். அவளும் எங்கள் தெருதான். பார்க்கலாம் அக்கா என்றாள். விஷயம் கமிட்டிக்கு வந்த அன்று, பொதுஜனம் உட்காருகிற பின்வரிசை நாற்காலியில் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் உட்கார்ந்தேன். தெருவிளக்கு, ரோட்டோர மீன்கடை எல்லாம் பேசி முடித்து என் பேப்பரை எடுத்தார்கள். எனக்கு ஆதரவாகத்தான் முதலில் பேசினார்கள். ஒரு மெம்பர், கேரளத்துச் சட்டம் கேரளத்துக் கிணற்றுக்குத்தான் என்றார். இன்னொருவர், தமிழ்நாட்டுக் கிணற்றைக் காக்கத் தமிழ்நாட்டில் பஞ்சாயத்து இல்லையா என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செக்ரட்டரி புத்தகத்தைப் புரட்டி, கிணறு என்றுதான் இருக்கிறது, யாருடைய கிணறு என்று இல்லை என்றார். ஓவர்சியர் சுவரோரமாக நின்றார். கை தூக்கச் சொன்னால் நம்பர் எனக்குத்தான் என்று மனசுக்குள் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூடக் கட்டிவிட்டேன்.

அப்போதுதான் பச்சை பிளவுஸ் எழுந்தது. பிரசிடென்டிடம் அனுமதி கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கமிட்டியில் அதுவரை மலையாளம்தான் பேசிக்கொண்டிருந்தாள், என்னிடம் மட்டும் தெருவில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“எக்கா, ஒண்ணு கேக்கேன். நீங்க குடிக்க வெள்ளம் எங்கேருந்து எடுக்கிய?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறபோது குடத்தோடு வரப்பு தாண்டுகிறவள் நான். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன், அன்று காலையில் அக்கா கிணற்றில் நிரப்பியது. ஐந்து மீட்டர் தள்ளிக் குழியைத் தோண்டி, அதற்கு நம்பர் வேண்டும் என்று, அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருஷமாகக் குடிக்கிற கிணறு பேப்பரில் இல்லை என்றதும் என் புத்தியிலும் இல்லாமல் போயிருக்கிறது. அக்காவின் குடும்பத்தைப் பற்றியும் ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் கூச்சம்.

“அந்தக் கெணத்துலதான்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பழைய குழியை மண் போட்டு மூடி முன்பக்கம் புதுக் குழி தோண்ட வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் நம்பர் என்று தீர்மானித்தார்கள். கூடவே, இனிமேல் எல்லையோரத்து மனைக்கு பிளான் கொடுத்தால் கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றையும் அதில் காட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானமும் எழுதிக்கொண்டார்கள். நான் மெம்பர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து, வெள்ளறடை பஸ் வருவது தெரிந்தும் ஏறாமல் வீடு வரை நடந்தேன்.

நேரே அக்காவிடம்தான் போனேன். அவர் கிணற்றடியில் மரச்சீனிக் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். குழியை மாற்றப்போகிறோம், தையல் ஷெட்டுக்கு இனி இடம் இல்லை, கிறிஸ்துமஸுக்குள் முடியுமா தெரியவில்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கிழங்கை வைத்துவிட்டு, அவர் வீட்டு முன்வாசலைக் காட்டினார். ரோட்டிலிருந்து வாசல் வரை புதிதாக ஒரு சால் வெட்டியிருந்தது.

“எங்க பஞ்சாயத்துல பைப்புக்கு எழுதிக் குடுத்துட்டேன். நீ குழி தோண்டுன அண்ணைக்கே குடுத்ததாக்கும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குழி தோண்டிய அன்றே அவர் பார்த்திருக்கிறார், இந்தக் கிணறு இனிக் குடிக்க ஆகாது என்று அன்றே முடிவு செய்திருக்கிறார். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டை போடுகிற குரலில் கேட்டேன்.

“சொன்னா நீ வேலைய நிறுத்துவ. இருவது வருசம் வாடகைக்குக் கெடந்தவ நீ. எனக்க கெணத்த சொல்லி ஒனக்க வீட்டு வேல நிக்கப்பிடாதுல்லா, மக்கா.”

அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் கிழங்கு கழுவி முடித்து, பாதியை ஒரு பையில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

மறுநாளே ஆள் பிடித்தோம். யாரும் குடியேறாத வீடு, குழி புதிது, அதனால் மண் போட்டு மூடுவது சுலபமாக முடிந்தது. முன்பக்கம் தோண்டுவதுதான் கஷ்டம், எந்த இடத்தில் பாறை இடிக்கும் என்று சொல்ல முடியாது. நான் தெருத் தெருவாகத் திட்டிய அந்த ஓவர்சியர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, எங்கள் வீட்டை ஒட்டிய கிணறுகளையெல்லாம் கணக்கில் வைத்து அளந்து, தோண்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுத் தந்தார். அவர் வந்திருக்கவே வேண்டாம், அது அவர் வேலையும் இல்லை. புதுக் குழியையும் திருத்திய பிளானையும் பார்க்க வந்த அன்று வழக்கம்போலச் சாயா வேண்டாம் என்றவர், கொஞ்சம் வெள்ளம் போதும் என்று கேட்டார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வரப்பு தாண்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இறைத்துக் கொண்டுவந்து கொடுத்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, இன்னொரு தம்ளர் ஊற்றினேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால் நம்பர் வந்தது. மிஷின் இப்போது உள்ளறை ஜன்னலோரம் கிடக்கிறது, வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான். மெம்பர் அடுத்த துணியோடு வந்தபோது கையை நானே கேட்டு இரண்டு தடவை அளந்து, முதல் தடவையே சரியாகத் தைத்துக் கொடுத்தேன். நன்றி என்று நான்தான் சொன்னேன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

வீடு கூடிக் குடிபுகுந்த அன்று காலையில் பாதிரியார் ஜெபம் பண்ணி முடித்ததும், அக்கா பின்வாசல் வழியாக ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். எங்கள் புது அடுப்பில் முதல் சாயா அதில்தான் கொதித்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி, “பயப்படாத, பேடிக்காம குடி மக்கா, பஞ்சாயத்து அளந்து தந்த வெள்ளமாக்கும்” என்றார்.

அவர் எழுதிக் கொடுத்திருந்த குழாயும் ஒரு மாதம் கழித்து வந்தது. அதில் அவர் மீன் கழுவுகிறார், துணி அலசுகிறார். குடிக்க இரண்டு வீட்டுக்கும் அந்தக் கிணறுதான்.