ஜப்பானிய விகாரைக்கு நான் சாப்பிடப் போனது

ஒஸ்லோவில் நான் சாப்பாட்டுக்காகச் சண்டை பிடித்த ஆண்டுகள் அதிகம். பிறந்ததிலிருந்து சைவம். மீன், இறைச்சி, முட்டை எதையும் தெரிந்து வாயில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இறைச்சி உருண்டை பிடிப்பது. கையுறையைப் போட்டுக்கொண்டு பிடித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னுடைய தட்டில் என்ன வரலாம் என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்று முதல் கிழமையே சொல்லிவிட்டேன், அப்போது தெரிந்திருந்த நாற்பது ஐம்பது நோர்வேஜியச் சொற்களை வைத்துக்கொண்டு.

அங்கே ஒருவருக்கும் அது விளங்கவில்லை. டிசம்பரில் வரும் நத்தார் விருந்துகளில் எல்லோருக்கும் பன்றி விலா வரும், எனக்கு அவித்த உருளைக்கிழங்கு வரும். "இறைச்சியை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமே" என்பார் சமையலறைப் பொறுப்பாளர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. ஒருமுறை மரக்கறி சூப் என்று எடுத்துவைத்தார். நாலு கரண்டி குடித்த பிறகு அடியில் எலும்புத் துண்டு தட்டுப்பட்டது. கோப்பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவருடைய மேசையில் வைத்தேன். "இது எந்தத் தோட்டத்தில் விளைந்த மரக்கறி?" என்று கேட்டேன். அதன் பிறகு எனக்கு அங்கே பிடிவாதக்காரி என்று பெயர். நான் மறுக்கவில்லை.

அன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் ஒருவர்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தடியில் என்னோடு நிற்கும் ஜப்பானியப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நோர்வேக்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டி வந்து முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். மத்தியானத்தில் நான் டப்பாவைத் திறந்தால் அவர் எட்டிப் பார்ப்பார், அவர் திறந்தால் நான் எட்டிப் பார்ப்பேன். இரண்டிலும் சோறு இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர் காலம். ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டைச் சிறிய பௌத்த விகாரையாக்கி ஜப்பானியத் துறவி அம்மா ஒருவர் இருக்கிறார், வருடத்தில் ஒருநாள் அங்கே விகாரைச் சாப்பாடு பரிமாறுவார்கள், மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, வெங்காயம், உள்ளிப்பூண்டுகூட இல்லை. "நீ வா. தட்டில் இருந்து நீ எதையும் எடுத்துப் போடத் தேவையில்லாத சாப்பாடு" என்றார்.

வெங்காயமும் உள்ளியும் இல்லையென்றால் அது எங்கள் விரதச் சமையல் அல்லவா! வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோதுதான் பிரச்சினை தொடங்கியது. அப்போது நாங்கள் ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தோம். என் கணவர் பேருந்து ஓட்டுபவர், குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அன்று உயர்த்தினார்.

"விகாரைக்கோ? நீரோ?"

"சாப்பிடத்தான்."

"சாப்பிட உலகத்திலை வேறை இடமில்லையே? உம்மடை தம்பியைக் கொன்றவங்கள் கும்பிடுற சாமியெல்லே அங்கை இருக்குது."

தம்பி செத்தது ஊரில், எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில். கடைக்குப் போய்க்கொண்டிருந்தவன் மீது ஷெல் விழுந்தது. பத்தொன்பது வயது. அந்தச் சண்டைக்குப் போகிற ஆமிக்காரர்களின் கையில் பிக்குமார் வெள்ளை நூல் கட்டுவதை நான் தொலைக்காட்சியில் பலதரம் பார்த்திருக்கிறேன். அதை எனக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

"தம்பியைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதேங்கோ" என்றேன். "நான் கும்பிடப் போகேல்லை. பதினெட்டு வருசமா இந்த ஊரிலை தட்டிலை கிடக்கிறதைப் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிடுறன். ஒருநாள் பொறுக்காமல் சாப்பிடப் போறன். அவங்கள் என்ரை தம்பியையும் எடுத்து, நான் எங்கை இருந்து சாப்பிடுறது எண்டதையும் தீர்மானிக்கிறதோ?"

அவர் வேலைக்குப் போய்விட்டார். போன இடத்தில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாளே தொலைபேசி வந்தது. எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருடாவருடம் நவராத்திரிக்கு மண்டபம் எடுத்து வாணி விழா வைப்போம். ஏழு வருடமாக அதற்குப் பொங்கலும் கடலையும் வடையும் என்னுடைய கையால்தான். பேசியவர் அந்த விழாவை முன்னின்று நடத்துபவர்.

"தங்கச்சி, கேள்விப்பட்டது உண்மையோ?"

"என்ன கேள்விப்பட்டனீங்கள் அண்ணை?"

"அங்கை சனம் சாகுது. இந்த நேரத்திலை புத்த கோயிலிலை போய் விருந்து சாப்பிடுறது சரியில்லைத்தானே."

"அண்ணை, போன மாதம் உங்கடை பிறந்தநாளை எங்கை வைச்சனீங்கள்?"

"ஏன்? சைனீஸ் றெஸ்ரோறன்ரிலை."

"நானும் வந்தனான். வாசலிலை வயித்தைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர் சிரிச்சபடி இருந்தவர். நீங்கள் அவரின்ரை வயித்தைத் தடவிப்போட்டுத்தான் உள்ளை போனனீங்கள். அவர் ஆரெண்டு நினைச்சனீங்கள்? அவரும் புத்தர்தானே."

"அது வேறை, இது வேறை" என்றார். அதற்குப் பிறகு, "வாணி விழாவுக்கு இந்தமுறை நீங்கள் சமைக்கத் தேவையில்லை. நாங்கள் வேறை ஆக்களைப் பாக்கிறம்" என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன். அழுது முடிந்ததும் அலுமாரியைத் திறந்து நல்ல பட்டுச்சேலை ஒன்றை எடுத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினேன். மற்றவர்கள் அங்கே எப்படிப் போகிறார்களோ தெரியாது. நான் திருநீறும் பொட்டுமாக, நல்லூர்த் தேருக்குப் போகிறவள் மாதிரித்தான் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை. சேலைக்கு மேல் தடித்த மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு ரயிலில் போனேன். ஜப்பானியத் தோழி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். உள்ளே பதினைந்து பேரளவில், அநேகமாக எல்லோரும் நோர்வேக்காரர்கள், கறுப்பும் சாம்பலுமாக உடுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நான் மாம்பழ மஞ்சள். துறவி அம்மா எழுபது தாண்டியவர், மொட்டைத் தலை, என் தோளளவு உயரம். எல்லோருக்கும் குனிந்தது போல எனக்கும் குனிந்தார்; நான் கைகூப்பினேன். ஆனால் சுவரோரம் இருந்த சின்னப் புத்தரை எல்லோரும் வணங்கியபோது நான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். தோழி அதைப் பார்த்தார்.

வரிசையாகத் தரையில் அமர்ந்தோம். அங்கே ஒழுங்குகளைப் பார்த்துக்கொள்ளும் உயரமான நோர்வேக்காரர் ஒருவர் விதிகளைச் சொன்னார். சாப்பிடும்போது பேசக் கூடாது. ஒரு பருக்கையும் மிச்சம் விடக் கூடாது. சின்னச் சின்னக் கிண்ணங்களோடு ஆளுக்கொரு தட்டம் வந்தது. முதலில் சூப். கிண்ணத்தை மூக்கடியில் கொண்டுபோனேன். கடல் மணம். கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாதா?

"இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

உயரமானவர் உதட்டில் விரலை வைத்தார்.

எலும்புச் சூப் ஞாபகம் வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னும் உரத்துக் கேட்டேன். "மன்னிக்க வேண்டும். இதில் மீன் இருக்கிறதா, இல்லையா?"

அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. துறவி அம்மா எழுந்தார். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையால் வா என்று காட்டி என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய பானையின் மூடியைத் திறந்து, அகப்பையால் அடியைக் கிளறி, தடித்த கறுத்த கடற்பாசித் துண்டொன்றைத் தூக்கிக் காட்டினார். காய்ந்த காளான் கிடந்த போத்தலை எடுத்து மணக்கத் தந்தார். "இந்த இரண்டும்தான்" என்றார். பிறகு தன்னுடைய தட்டுத்தடுமாறும் நோர்வேஜிய மொழியில், "நானும் எல்லா இடத்திலும் கேட்பேன். இந்த நாட்டில் கேக்குக்குள்ளும் மீன் வைப்பார்கள்" என்றார். இருவரும் சிரித்த சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். நாவுக்கு அடையாளம் தெரியாத சாப்பாடுதான். ஆனால் அதில் இல்லாதவற்றை நாக்கு உடனே கண்டுபிடித்தது: வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை, கறித்தூள் இல்லை. எள்ளை மைபோல அரைத்து, எங்கள் கூவை மா போன்ற ஒரு வேர்மாவோடு கிண்டி, வெட்டிய துண்டு. தொதல் என்கிற எங்கள் இனிப்பு மாதிரி அசைந்தது, ஆனால் இனிக்கவில்லை. புளித்த சோயாக் களி பூசிச் சுட்ட கத்தரிக்காய். கரட், முள்ளங்கி, பெயர் தெரியாத ஒரு மண்நிற வேர், ஒவ்வொன்றும் தனித்தனியாக அவிந்து தன்தன் ருசியோடு. குழைந்த வெள்ளைச் சோறு. நான் எதையும் ஒதுக்கவில்லை, எதையும் கிளறிப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடத்தில் வீட்டுக்கு வெளியே அப்படிச் சாப்பிட்டது அன்றுதான். கண் கலங்கியது, குனிந்துகொண்டேன்.

கடைசியில் கிண்ணத்துக்குள் சுடு தேநீரை ஊற்றி, ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயால் சுற்றித் துடைத்து, ஊறுகாயைத் தின்று அந்தத் தண்ணீரையும் குடிக்க வேண்டுமாம். கழுவின தண்ணியைக் குடிக்கிறதோ! பக்கத்தில் தோழி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வேலையிடத்தில் நாளாந்தம் வாளி வாளியாகச் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுகிறவர்கள். குடித்தேன்.

அதன் பிறகு பேசலாம் என்றார்கள். உயரமானவர் முதலில் பேசினார். உலகத்தில் ஒரு துளி இரத்தமும் சிந்தாத ஒரே சமயம் பௌத்தம்தான், அதனால்தான் தான் இங்கே வந்ததாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் தேநீர்க் கோப்பையை வைத்தேன். "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்று தொடங்கினேன். ஒழுங்கையைச் சொன்னேன். ஷெல்லைச் சொன்னேன். வெள்ளை நூலைச் சொன்னேன். "உங்கள் சாப்பாடு நல்ல சாப்பாடு. ஆனால் நீங்கள் சொன்னது உண்மை இல்லை. நான் இங்கே இருக்கும்போது அதைச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

அவர் சிவந்துபோனார். அது அரசியல், உண்மையான பௌத்தம் அல்ல என்று ஏதோ தொடங்கினார். துறவி அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்னுடைய அப்பா விகாரைக் குரு, எங்கள் நாட்டில் குருமார் கலியாணம் செய்வார்கள்" என்றார் அவர். "என் சிறுவயதில் எங்கள் நாட்டிலும் போர். போருக்குப் போன இளைஞர்களை அவர் ஆசீர்வதித்து அனுப்பினார். எங்கள் விகாரை மணியையும் ஆயுதம் செய்ய உருக்கக் கொடுத்தார். இந்தப் பெண் சொல்வது எனக்குத் தெரிந்த கதை." என் பக்கம் திரும்பித் தலை தரையில் படக் குனிந்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, நான் மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க அவர் எனக்கு ஒன்றும் செய்தவரும் இல்லை. ஆனால் எங்கள் கதையை வெளியே சொன்ன இத்தனை வருடத்தில், "ஆனால்" என்று தொடங்காமல் கேட்ட முதல் ஆள் அந்த மொட்டைத்தலை அம்மாதான். இதை நான் யாரிடமென்றாலும் சொல்லுவேன்.

வாணி விழாவுக்கும் போனேன். அதே மஞ்சள் சேலையோடு, முன்வரிசையில். சமைக்கத்தான் வேண்டாம் என்றார்கள், வர வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. எங்கேயோ சொல்லி எடுப்பித்த வடையைப் பரிமாறினார்கள். பக்கத்தில் இருந்த அக்கா கடித்துவிட்டு, "ஐயோ, பூசை வடைக்குள்ளை வெங்காயம்!" என்றார். கணவர் மட்டும் என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன்.

அடுத்த வருடம் அந்த அண்ணை திரும்பத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, இந்த முறை சமைக்கேலுமோ?"

"சமைக்கிறன். ஆனால் நான் எங்கை போய்ச் சாப்பிடுறன் எண்டு இனி ஒருத்தரும் கேக்கக் கூடாது."

"சரி, சரி. அந்தக் கதை முடிஞ்சுது."

"முடியேல்லை அண்ணை. வாற ஞாயிறும் போறன்."

இலையுதிர் காலம் தோறும் போனேன். கணவர் ஒருநாளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இரண்டாவது தடவை புத்தருக்கு முன்னால் கையைக் கட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. துறவி அம்மா அதைக் கேட்டதும் இல்லை. சூப்பில் மீன் இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் உரத்துக் கேட்பது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. உயரமானவரும் கடைசியில் என்னோடு சேர்ந்து சிரிக்கப் பழகினார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிகிற மாதங்களில், வேலை முடிந்த கையோடு நாள்தோறும் சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கத்தைய பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். கால் வீங்கும், தொண்டை அடைக்கும். ஒரு பின்னேரம் அந்த அண்ணையும் நானும் ஒரே பதாகையின் இரண்டு நுனியைப் பிடித்தபடி நின்றோம். ஜப்பானியத் தோழி குடையோடு வந்து, எங்களுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்து கோப்பைகளில் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஆர் இவ?" என்று அண்ணை கேட்டார்.

"விகாரைக்குக் கூட்டிக்கொண்டு போறவ" என்றேன்.

அவர் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடித்தார்.