அழிக்கச் சொன்ன படத்தில் ஓர் உள்ளான்

மரக்காணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். படம் எடுப்பவர் முதலாளி. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொண்டுவரும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் திருத்தி, கல்யாண ஆல்பமாக அடுக்குவது என் வேலை.

நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஜோடியாக வெளியே போய்ப் படம் எடுத்துக்கொள்வது இப்போது எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றுவதுபோலக் கட்டாயமாகிவிட்டது. ‘அவுட்டோர்’ என்பார்கள். பாண்டிச்சேரியிலிருந்துகூட உப்பளத்துக்குத்தான் வருகிறார்கள். பாத்தியில் நிற்கும் தண்ணீரில் வானமும் தெரியும், ஜோடியும் தலைகீழாகத் தெரியும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ‘வரப்ப மட்டும் ஒடைச்சிடாதீங்க’ என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த மாசியில் வந்த ஜோடியில் பெண் கீழ்புத்துப்பட்டு, மாப்பிள்ளை பெரிய முதலியார்சாவடி. பெண் பாண்டியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்தது. மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். அண்ணன் காலையில் எடுத்துவந்த படங்களை மதியம் நான் திறந்து உட்கார்ந்தேன்.

சிவப்புப் புடவையில் பெண் திரும்பிப் பார்க்கிற படம் ஒன்று. வலது ஓரத்தில், வரப்பின் மேல், சின்னதாக ஒரு பறவை. இப்படி ஓரத்தில் வந்து நிற்கிற நாய், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அழித்துத் துடைப்பதும் என் வேலைதான். அதற்காகப் பெரிதாக்கினேன். பறவையின் காலில், முட்டிக்கு மேலே, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. உப்பு என்று நினைத்தேன். அடுத்த படத்தைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. நறுக்கினாற்போல ஓரம் நேராக இருந்தது. உப்பு அப்படி ஒட்டாது.

“அண்ணா, இந்தக் குருவி கால்ல என்னமோ கட்டியிருக்குது பாருங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். “உள்ளான்மா அது, தண்ணியோரமா மேயுற பறவை. நூலு கீலு சுத்தியிருக்கும். அழிச்சிட்டுப் போயிக்கினே இரு.”

எனக்குக் கை வரவில்லை. அன்று சாயங்காலம் இன்டர்நெட்டில் தேடினேன். வலசை வருகிற பறவைகளைப் பிடித்து, காலில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கொடி மாட்டி விட்டுவிடுகிறார்களாம். கொடியில் எழுத்து இருக்கும். அதைப் படித்துச் சொன்னால் எங்கே மாட்டியது என்று தெரிந்துவிடும். இப்படித் தகவல் சேர்க்கிற ஒருவருடைய மெயில் முகவரியும் கிடைத்தது.

மெயில் எனக்குப் புதிதல்ல. ஆல்பம் அச்சடிக்கிற லேபுக்குத் தினமும் ஏதாவது அனுப்பிக்கொண்டிருப்பேன். இது புது ஆளுக்கு எழுதுவது, அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பறவை மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாக்கி, திரையில் தெரிந்ததை அப்படியே பிடித்து, மெயிலுக்குள்ளேயே ஒட்டினேன். ‘ஐயா, வணக்கம். மரக்காணம் உப்பளத்தில் இந்தப் பறவையைப் பார்த்தோம்’ என்று எழுதி, கீழே படம். அதற்கும் கீழே, ‘காலில் இருப்பது என்ன?’ பத்திரிகையில் வந்த கட்டுரைபோல இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாளே தமிழில் பதில் வந்தது. ‘கொடி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கடிதத்துக்குள் வந்திருக்கும் படம் மிகச் சிறியது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் போகிறது. வெட்டாமல், திருத்தாமல், கேமராவிலிருந்து வந்த கோப்பை அப்படியே இணைப்பாக அனுப்ப முடியுமா? படம் எடுத்த நாளும் நேரமும் அந்தக் கோப்பில் இருக்கும், அது எங்களுக்கு வேண்டும். அந்தப் பறவை இருக்கிற மற்ற படங்களும் இருந்தால் நல்லது.’

மறுபடி எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தது ஒரே ஒரு படத்தில்தான். பறவை அதில் அப்போதுதான் எழும்பியிருந்தது. கால் இரண்டும் கீழே தொங்க, கொடி கேமராவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது பயந்து எழும்பியதற்குக் காரணமும் அதே படத்தில் இருந்தது. பெண் வழுக்கி, பாத்திச் சேற்றில் உட்கார்ந்திருந்தது. புடவை முழங்கால் வரை ஏறியிருந்தது, வாய் திறந்திருந்தது. மாப்பிள்ளை கை கொடுக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இத அழிக்கச் சொல்லிச்சும்மா அந்தப் பொண்ணு,” என்றார் அண்ணன். “நான்தான் கார்டுலேருந்து எடுக்க மறந்துட்டேன். இதையா அனுப்பப் போற? வாணாம். கஸ்டமர் போட்டோ வெளிய போச்சுன்னா நாளைக்கு யாரும் நம்ம கிட்ட வர மாட்டாங்க.”

அவர் சொன்னது நியாயம்தான். பெண்ணை மறைத்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். திருத்தாமல் அனுப்பு என்றுதானே மெயிலில் பதில் எழுதியவர் கேட்டிருந்தார். இன்னொரு பக்கம், அந்த எழுத்து என்னை விடவில்லை. மூன்று இங்கிலீஷ் எழுத்து. அதற்குப் பின்னால் ஏதோ ஓர் ஊர் இருந்தது.

“கேட்டுப் பாக்கட்டுமாண்ணா?”

“கேளு. திட்டு வாங்கினா என்னைச் சொல்லாத.”

பெண்ணுக்குப் போன் போட்டேன். விழுந்த படம் இன்னும் இருக்கிறது என்றதும், “அய்யோ அக்கா, அது வாணாம்னு அன்னைக்கே சொன்னனே!” என்றது. குரல் ஏறிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். இப்போதே அழித்துவிடுகிறேன், அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள் என்று பறவையின் கதையைச் சொன்னேன். திட்டப்போகிறது என்றே நினைத்தேன்.

“கால்ல என்னா எழுதியிருக்குது?” என்று கேட்டது.

மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஈசிஆர் பஸ்ஸில் ஏறி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டது. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. படத்தைத் திறந்தேன். தான் விழுந்திருப்பதை முதலில் பார்த்து முகத்தைச் சுளித்தது. மாப்பிள்ளை சிரிப்பதைப் பார்த்ததும், “பாருங்க, இவர நம்பி கழுத்த நீட்டணுமாம்,” என்றது. அப்புறம் தானாகவே சிரித்துவிட்டது. நான் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கடைசி எழுத்து எனக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் தெரிந்தது. ‘டாக்டர் கையெழுத்தைப் படித்துப் பழகியவள் நான்’ என்று அது விட்டுக்கொடுக்கவில்லை.

“அனுப்புங்கக்கா. ஆனா அந்தப் பறவைக்காரரு வேற யாருக்கும் காட்டக் கூடாது. அதையும் எழுதுங்க.”

எழுதினேன். பழக்கத்தில் படத்தை மறுபடி மெயிலுக்குள்ளேயே ஒட்டப் போனபோது, “போன தபா இப்படித்தான அனுப்பினீங்க?” என்று தடுத்தது. “ரெண்டு மாதிரியும் உங்களுக்கே ஒருவாட்டி அனுப்பிப் பாருங்களேன்.”

எனக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டியதாகவே இருந்தது. முதலில், முன்பு செய்ததுபோலத் திரையைப் பிடித்து உள்ளே ஒட்டி எனக்கே அனுப்பினேன். அடுத்து, காகிதக் கிளிப் அடையாளத்தை அழுத்திக் கோப்பை இணைத்து அனுப்பினேன். இரண்டாவது சீக்கிரத்தில் ஏறவில்லை. நீலக் கோடு கடைசிவரை நகர்வதற்குள் இரண்டு பேரும் டீ குடித்து முடித்துவிட்டோம். இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒட்டிய படம் பார்வைக்கு நன்றாக இருந்தது, தொட்டுப் பெரிதாக்கினால் பறவை வெறும் புள்ளியாகக் கலைந்தது. கோப்புக்குக் கேமரா வைத்த பெயர் இல்லை, எடுத்த நேரமும் இல்லை. இணைத்த படத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. பறவையின் அலகு நுனியில் ஒட்டியிருந்த சேறுகூட. இத்தனை வருஷம் ஒரு படத்தை அனுப்புவதும் அதைக் காட்டுவதும் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்பை இணைத்து அவருக்கு அனுப்பிய பிறகு இரண்டு வாரம் பதில் இல்லை. அதற்குள் ஸ்டூடியோவில் பேச்செல்லாம் அதுதான். ரஷ்யா என்றார் அண்ணன். பனி பெய்கிற நாடாகத்தான் இருக்க வேண்டும் என்று தினமும் எனக்கு உறுதியாகச் சொன்னார். பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தது. மாப்பிள்ளைகூட ஒருமுறை போனை வாங்கி, “அந்தக் கொக்கு விஷயம் என்னாச்சுங்க?” என்று கேட்டார். பின்னாலிருந்து, “கொக்கு இல்ல, உள்ளான்!” என்று பெண் கத்துவது கேட்டது.

பதில் வந்தபோது அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கடைசி எழுத்தில் பெண் சொன்னதுதான் சரி. அந்தப் பறவைக்குக் கொடி மாட்டிய இடம் கோடியக்கரை.

“வேதாரண்யத்துகிட்ட இருக்குதே, அந்தக் கோடியக்கரையா?” அண்ணன் முகம் விழுந்துவிட்டது. “பஸ் ஏறினா போயிடலாமே!”

“முழுசா கேளுங்கண்ணா.”

கொடி மாட்டி ஆறு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு அதை வேறு யாரும் எங்கேயும் பார்த்ததாகத் தகவல் இல்லை, இந்தப் படம்தான் முதல் செய்தி என்று எழுதியிருந்தார். இந்த வகை உள்ளான் இங்கே முட்டையிடாது; வெயில் ஏறும்போது வடதுருவத்துப் பக்கம் பறந்துபோய், குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்பி வரும். ஆக இது நடுவில் பலமுறை போய் வந்திருக்க வேண்டும். எந்த வழியாக, எங்கெங்கே இறங்கி என்று யாருக்கும் தெரியாது. பறவை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வரி: ‘விழுந்தவருக்கு அடி ஒன்றும் படவில்லையே?’

அண்ணன் இன்னொரு தடவை திரையை எட்டிப் பார்த்தார். “அப்போ ரஷ்யாவுக்கும் போயிருக்கும்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கல்யாணம் வைகாசியில், பாண்டி ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அண்ணனுக்கு விளக்குப் பிடிக்க நானும் போயிருந்தேன். ரிசப்ஷனில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. விளக்கைச் சரிசெய்ய மேடை ஓரத்துக்குப் போனபோது பெண் மாலையோடு என் பக்கம் சாய்ந்தது.

“அக்கா, அது இந்நேரம் கெளம்பியிருக்குமா?”

“உப்பளத்துல இப்ப ஒண்ணையும் காணோம். கெளம்பியிருக்கும்.”

“எங்க இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அண்ணன் அந்தப் பக்கமிருந்து, “பொண்ணு இங்க பாரும்மா!” என்று கத்தினார். பெண் திரும்பவில்லை. இமயமலைக்கு மேலே பறக்குமா, சுற்றிக்கொண்டு போகுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.