எண்ணெய் வைத்த தலை

நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து வாரிக்கொண்டு போகவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஆஸ்பத்திரியும் அவருக்கு நல்ல காரியம்தான். தம்பியின் தலையில் கம்பிகள் ஒட்டி மூளை வேலை செய்வதைத் தாளில் பார்க்கப் போகிறோம் என்ற அன்று, ஒரு கை கூடுதலாகவே வைத்துவிட்டார்.

தம்பிக்கு ஐந்து வயது. பேச்சில்லை, எங்கள் முகத்தைப் பார்ப்பதுமில்லை. ஓட்டிசம் என்ற சொல் அந்த யுத்தகாலத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. "பெத்த தாயையே தெரியாத பிள்ளை" என்று மாமி சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை அது. செக்பொயின்ற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டை காட்டி, மறுபடி ஏறிப் போய்ச் சேர்ந்தோம்.

கம்பி ஒட்டும் சிங்கள அக்கா தம்பியின் தலையைத் தொட்டதும் கையை உதறினார்.

"ஐயோ, எண்ணெய்! ஒட்டாது. கழுவுங்க, இல்லாட்டி வேற நாள் வாங்க."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நாட்டில் ஒரு யுத்தம் என்றால், எங்கள் வீட்டு யுத்தம் தம்பியின் தலைமுழுக்கு. அவன் கத்தினால் தெருவே கூடும்.

அப்பா கந்தோர் வேலைக்குப் போடும் சட்டையோடு, தம்பியைக் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் குந்தினார். தம்பி எப்போதும் போடும் "ம்ம்… ம்ம்…" என்ற முனகலைத் தானும் போட்டபடி, ஒரு கோப்பைத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். தம்பி திரும்பினான். அப்பா மறுபடி முனகினார், மறுபடி ஊற்றினார். அவருடைய மூக்கு நுனியில் தொங்கிய துளியைத் தம்பி விரலால் தொட்டான். பிறகு தானாகவே தலையைக் குனித்துக் கொடுத்தான். சவர்க்காரத்தோடு ஓடிவந்த அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே, தம்பிக்குப் பக்கத்தில் அப்பா முனகிக்கொண்டேயிருக்க, நீளத் தாளில் பேனாக்கள் தாமாகவே ஓடின. கதைக்காத தம்பி எழுதுகிறான்! நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

"அப்பா, தம்பி என்ன எழுதுறான்?"

ஈரம் சொட்டச் சொட்ட அப்பா தாளை எட்டிப் பார்த்தார்.

"அம்மா வைச்ச எண்ணெய் நல்ல வாசமாம். தண்ணிதான் சரியான குளிராம்."

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

டொக்டர்மார் வாசிக்கும் கோடுகளை எங்கள் அப்பாவும் வாசிப்பார் என்று பள்ளிக்கூடத்தில் பல காலம் பெருமையடித்துத் திரிந்தேன். அவர் தாளை வாசிக்கவேயில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.